நாதமுனிகள் வகுத்த இசைப்பணி

ஆழ்வார்களுக்குப் பின் எழுந்தருளிய ஆசார்யர்களில் முதல்வரான ஸ்ரீமந் நாதமுனிகள், இன்று காட்டுமன்னார்கோயில் என வழங்கும் வீரநாராயணபுரத்தில், ஆனி அனுஷத்தன்று ஈச்வர பட்டருக்குத் திருக்குமாரராக அவதரித்தார். சாஸ்திரத்தோடு யோகமும் ஸங்கீதமும் கைவந்த மஹான்.

அக்காலத்தில் ஆழ்வார்களின் திவ்யஸூக்திகள் ஓதுவாரின்றி மறைந்து கிடந்தன. மன்னனாரை ஸேவிக்க வந்த ஸ்ரீவைஷ்ணவர் சிலர், திருக்குடந்தைப் பெருமான் விஷயமான பத்துப் பாசுரங்களைப் பாடினர். அவை ஆயிரத்துள் ஒரு பத்து என்பது அப்பாட்டிலேயே தெரிந்தது. எஞ்சியவற்றைக் கேட்டபோது அவர்கள் அறியோம் என்றனர். நாதமுனிகள் திருக்குருகூர் சென்றார். அங்கும் அறிந்தவரில்லை. பராங்குசதாஸர் என்னும் பெரியவர் மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பை மட்டும் உபதேசித்தார். திருப்புளியின்கீழ் யோகத்தில் அமர்ந்து அதனை 12,000 உரு ஜபிக்கவே, நம்மாழ்வார் ஸாக்ஷாத்கரித்து ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரமும் தந்தருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

பெற்ற நிதியை ஏட்டளவில் நிறுத்திவிடவில்லை அவர். மூவாயிரத்தை இசைப்பாவாகவும் ஓராயிரத்தை இயற்பாவாகவும் வகுத்து, தேவகானத்தில் அமைத்து, மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார்.

அந்நாளில் சோழன் சபையில் இரு பெண்கள் பாடினர். மனுஷ்யகானம் பாடியவளை அரசன் கொண்டாடினான்; தேவகானம் பாடியவளைப் பொருட்படுத்தவில்லை. அவள் வீரநாராயணபுரம் வந்து மன்னனார் ஸன்னிதியில் பாட, நாதமுனிகள் அதன் அருமையறிந்து கௌரவித்தார். செய்தி கேட்ட அரசன் நேரில் வந்து, அந்தக் கானத்தின் உயர்வை எப்படி அறிந்தீர் என வினவினான். அவர் பற்பல தாளங்களை ஒருங்கே தட்டச்செய்து, ஒலியைக் கொண்டே ஒவ்வொன்றின் எடையையும் சொன்னாராம். அரசன் வியந்து வணங்கினான். கலைஞரின் தகுதியை அளப்பதற்கு அரியணை மட்டும் போதாதல்லவா!

நாதமுனிகள் ந்யாயதத்வம், யோகரஹஸ்யம் என்ற இரு நூல்களும் இயற்றினார். முன்னது பிற்கால ஆசார்யர்கள் எடுத்தாண்ட சில பகுதிகளளவிலேயே எஞ்சியது. பின்னது முற்றும் மறைந்தது. பண்டிதர்கள் கைக்கு வந்த ஏடுகளின் கதி இது. பாடுவோர் நாவில் வைத்த நாலாயிரமோ குறைவின்றி நிற்கிறது. வீட்டில் தந்தை மகனுக்குச் சொல்லிவைக்க, ஆண்டுதோறும் ஸன்னிதியில் பாடியே தீரவேண்டிய கைங்கர்யமாயிற்று அது.

அம்மருமக்களின் வழிவந்தோராகப் போற்றப்படுபவர்களே அரையர்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்துத் திருநாராயணபுரம் ஆகிய திவ்யக்ஷேத்திரங்களில் அவர்கள் ஸேவை நடைபெறுகிறது. கூம்பு வடிவான குல்லாயும், பெருமாள் சாத்திக் களைந்த மாலையும் தரித்து, கையில் தாளத்தோடு இசைத்து, அபிநயித்து, வ்யாக்யானமும் ஸாதிப்பர். எழுத்தறியாத பக்தரும் பாசுரத்தின் பொருளைக் கண்ணாலேயே அறிந்துகொள்வர். முத்துக்குறியன்று தாயாகவும், மகளாகவும், குறிசொல்பவளாகவும் அரையர் ஒருவரே நின்று ஸேவிப்பார்.