வெட்டிய வரிகளில் பிறந்த சித்திரம்

ரவீந்திரநாத் தாகூரை நான் கவிஞராகவே அறிந்திருந்தேன். அவரது வாழ்க்கையை வாசித்தபோது, துயரத்தைச் சுமந்தபடியே கலையை விடாமல் பிடித்திருந்த ஒரு தகப்பனைக் கண்டேன்.

1861இல் கல்கத்தாவில் பிறந்த அவர், பதின்மூன்று வயதில் தாயை இழந்தார். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளிக்கூடம் தொடங்கினார். மரநிழலில் நடந்த அந்த வகுப்புகளில் பாட்டும் நாடகமும் பாடத்தின் பகுதிகளாகவே இருந்தன. அடுத்த ஆண்டே மனைவி இறந்தார். 1903இல் மகள் ரேணுகாவும், 1905இல் தந்தையும், 1907இல் இளைய மகன் சமீந்திரநாத்தும் மறைந்தார்கள்.

இந்த இழப்புகளுக்குப் பின்னர், 1911இல் 'தபால் நிலையம்' என்ற நாடகத்தை எழுதினார். நோயினால் வீட்டுக்குள் அடைபட்ட சிறுவன் ஒருவன், தெருவில் போவோரிடம் ஜன்னல் வழியே பேசி உலகத்தைக் காண்பதே அதன் கதை. 1913இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அறுபது வயதைத் தாண்டியபின் அவரது கை ஓவியத்துக்குத் திரும்பியது. 1924இல் கவிதை எழுதுகையில், பிடிக்காமல் வெட்டிய வரிகளைக் கோடுகளால் இணைத்தார். அவை பறவைகளாகவும் விலங்குகளாகவும் உருவெடுத்தன. முறையாக ஓவியம் பயிலாத அவர் இரண்டாயிரத்துக்கும் அதிகமான படங்களை வரைந்தார். 1930இல் பாரிஸில் அவற்றின் கண்காட்சி நடந்தது. 1934இல் இலங்கைக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1941 ஆகஸ்ட் 7ஆம் திகதி காலமானார்.

ஓராண்டு நிறையுமுன், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா நகரில், மருத்துவர் யானுஸ் கோர்ச்சாக் தம் அநாதை இல்லப் பிள்ளைகளைக் கொண்டு அதே நாடகத்தை மேடையேற்றினார். அன்று 1942 ஜூலை 18. சில வாரங்களில் அவரும் பிள்ளைகளும் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். கலை அவர்களின் உயிரைக் காக்கவில்லை. ஆனால் அந்த மாலைப்பொழுதில் அவர்கள் கைதிகளாக அல்ல, நடிகர்களாக நின்றார்கள்.

இன்று இதனைக் கலைவழி ஆற்றுப்படுத்தல் என்கிறார்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து படம் கீறினார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள். 2004இன் கடலையும் 2006இன் இடம்பெயர்வையும் கண்ட மூதூர்ப் பகுதிக்கு இதன் தேவை புரியும்.

உம்மாமாரே, வாப்பாமாரே! பிள்ளை படம் கீறினால், படிக்கிற நேரம் வீணாகிறது என்று கொப்பியைப் பறிக்காதீர்கள். புள்ளி போடவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து, இது என்ன என்று கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குத் துயரம் இருந்தால், வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அந்தப் படத்தையும் கொண்டு போங்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை அதில் சொல்லியிருக்கக்கூடும்.