நூல்களுக்கும் கணக்கு உண்டு என்றவர்

மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அதைப் பற்றி ஆண்டுதோறும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவருகின்றன. எத்தனை வந்தன, எந்த நாட்டிலிருந்து வந்தன, நாளிதழ்களிலும் சமூக ஊடகங்களிலும் எவை பேசப்பட்டன என்று கணக்கிடுவது இன்று தனித் துறை. பினாங்கில் பயிலும் பல்கலைக்கழக மாணவியாகிய நான் இத்துறையைப் பற்றிப் படித்தபோது, அதன் வேர்களில் ஒன்று தமிழ்நாட்டின் சீர்காழியில் இருப்பதை அறிந்து வியந்தேன்.

அவ்வூரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் சீ. இரா. அரங்கநாதன். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆனால் அங்கிருந்த தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தார். பயிற்சிக்காக இலண்டன் சென்று, அங்குள்ள நூலகங்கள் பொதுமக்களுக்குப் பயன்படும் விதத்தைக் கண்ட பிறகுதான் அவர் மனம் மாறியது.

இலண்டன் கடையொன்றில் பார்த்த விளையாட்டுப் பொருள் அவருக்குப் புதிய சிந்தனையைத் தந்தது. சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பொருத்தினால் வெவ்வேறு பொம்மைகள் கிடைக்கின்றன. நூலின் பொருளையும் அப்படிப் பிரித்துச் சேர்க்கலாமே என்று எண்ணினார். உறுப்பு, நோய், சிகிச்சை என்று தனித்தனிக் குறியீடுகளை இணைத்தால் ஒரு மருத்துவ நூலுக்கு உரிய இடம் கிடைத்துவிடும். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை இதுதான்.

1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் அடுக்கி வைப்பதற்கு அன்று, பயன்பாட்டுக்கே உரியது. அது தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பதே அவற்றின் சாரம். 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில், நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்கும் துறை தேவை என்று முன்மொழிந்து, அதற்கு லைப்ரமெட்ரி எனப் பெயரிட்டார். பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற சொல் 1969-இலும், இணையக் கவனத்தை அளக்கும் ஆல்ட்மெட்ரிக்ஸ் 2010-இலும்தான் வந்தன. அதே 1948-இல், அவருடைய நெடுநாள் முயற்சியால் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டமும் நிறைவேறியது. 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1972-இல் பெங்களூரில் காலமானார்.

அவருடைய வாழ்க்கை எனக்கு ஒரு கேள்வியை விட்டுச் சென்றுள்ளது. ஒரு கட்டுரை பலமுறை பகிரப்பட்டால் அது பேசப்பட்டது என்று பொருள். சரியானது என்று பொருளல்ல. பல ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினால் அது ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. நோயாளிக்குப் பயன்பட்டதா என்பதை அந்த எண் சொல்லாது. நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்குச் செல்லும் பெண்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். மார்பில் கட்டி இருப்பதை உணரும் ஜார்ஜ் டவுன் அக்கா ஒருவருக்கு ஆங்கில ஆய்விதழ் எட்டாது. புலனத்தில் வரும் வதந்தி உடனே எட்டிவிடும்.

அரங்கநாதன் எண்களை நேசித்தவர். ஆனால் அந்த எண்களை வாசகருக்காகவே எண்ணினார். அறிவியல் பயிலும் நண்பர்களே, நாம் படித்த நல்ல ஆய்வு ஒன்றின் சாரத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்வோம். எந்தக் கணக்கிலும் அது பதிவாகாமல் போகலாம். ஆனாலும் அந்த ஆய்வு தனக்குரிய வாசகரைச் சென்றடைந்திருக்கும்.