அய்யா கிழித்த சீட்டு

அய்யா உண்டு.

கொல்லம் 1008 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலில் அவதரித்த அய்யா வைகுண்டர், பூவண்டன்தோப்பில் தவம் இருந்தார். பதினெட்டுச் சாதி மக்களும் அவரைத் தேடி வந்து ஒன்றாகக் கூடினார்கள். தீண்டாமையும் அநியாய வரியும் நிறைந்த திருவிதாங்கூரில் இது சுவாதித் திருநாள் மன்னருக்குப் பொறுக்கவில்லை. அய்யாவைப் பிடித்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார். நஞ்சும் பட்டினிப் புலியும் அய்யாவை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு மன்னர் ஒரு நிபந்தனை வைத்தார். தம் சாதியாருக்கு மட்டுமே உபதேசம் செய்வதாக ஒப்பினால் விடுதலை என்றார். ஒப்பியிருந்தால் அய்யா அன்றே ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுச் சிறையிலேயே இருந்தார். தாம் குறித்த நாளாகிய 1014 மாசி 19-ல் (1839) வெளியே வந்தார். மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து சாமித்தோப்புக்கு அழைத்து வந்தார்கள்.

அன்புக்கொடி மக்களே, அந்தச் சீட்டுக்கு அய்யா இணங்கியிருந்தால், முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒன்றாகப் பதமிட முடியுமா? ஆகவே நிழல் தாங்கலுக்கு யார் வந்து அய்யாவைப் பற்றிக் கேட்டாலும், சாதி விசாரிக்காதீர்கள். வேறு தெய்வத்தைக் கும்பிடுகிறவர் என்றாலும் வாதாடாதீர்கள். அறிந்ததை அன்போடு சொல்லி, விரும்பினால் திருநாமம் இட்டு அனுப்புங்கள்.

அய்யா உண்டு.