பெஞ்சமின் கிரஹாம்

பொருளை முதலிட்டுப் பெருக்கும் வகையைச் சர்வகலாசாலையில் கற்பிக்கக் கூடுமோ என்று ஐயுறுவார் பலர். அமெரிக்க தேசத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் அதனைக் கற்பித்துக் காட்டியவர் பெஞ்சமின் கிரஹாம். அன்னார் தம் பாடத்தின் பெரும்பகுதியை நஷ்டத்தினின்றே கற்றார்.

இவர் 1894ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் லண்டன் மாநகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். ஓராண்டுக் குழவியாயிருக்கையில் குடும்பத்தார் நியூயார்க் நகரிற் குடியேறினர். சிறு வயதிலேயே தந்தையார் இறந்தார். கைம்பெண்ணாகிய தாயார் கடன்பட்டுப் பங்குகளை வாங்கி, 1907ஆம் ஆண்டின் சந்தை வீழ்ச்சியில் இருந்த சிறு பொருளையும் இழந்தார். வறுமையினூடே பயின்ற மகன் 1914ல் கொலம்பியாவில் தம் வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். ஆங்கிலம், தத்துவம், கணிதம் ஆகிய மூன்று துறையினரும் அவரைத் தம்பால் ஆசிரியராக வருமாறு அழைத்தனர். அவரோ மூன்றையும் விடுத்து, வால் ஸ்ட்ரீட்டில் ஒரு தரகு நிலையத்தில் வாரம் 12 டாலர் சம்பளத்தில் விலைகளைப் பலகையில் எழுதும் வேலையை ஏற்றார். மொழியையே சிறப்புப் பாடமாகக் கொண்ட என் போன்றார்க்கு இச்செய்தி சற்று வருத்தந் தருவதே!

அக்காலத்தில் பங்கு வாங்குவோர் பலர் செவிவழிச் செய்தியை நம்பினர். கிரஹாம் கணக்கேடுகளை நம்பினார். எண்ணெய்க் குழாய்க் கம்பெனிகள் அரசாங்கத்தாரிடம் அளித்திருந்த அறிக்கைகளை 1926ல் வாஷிங்டன் சென்று படித்தார். நார்தர்ன் பைப் லைன் கம்பெனியின் பங்கு சந்தையில் 65 டாலருக்கு விலைபோயிற்று. அக்கம்பெனியோ பங்கொன்றுக்கு ஏறக்குறைய 95 டாலர் பெறுமான கடன்பத்திரம் முதலியவற்றை வைத்திருந்தது. எவரும் காணக்கூடிய ஏட்டில் எவரும் காணாதிருந்த செல்வம் அது. மிகைப் பொருளைப் பங்குதாரர்க்கு அளிக்குமாறு அவர் வேண்ட, நிர்வாகிகள் செவிசாய்த்திலர். அவர் பங்குதாரர் பலரின் வாக்கைத் திரட்டி, 1928ல் தம் கருத்தை நிறைவேற்றினார்.

அவ்வாண்டிலேயே கொலம்பியாவில் மாலை வகுப்பைத் தொடங்கினார். இளம் ஆசிரியரான டேவிட் டாட் அப்பாடங்களைக் குறிப்பெடுத்தார். அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. கிரஹாம் பிறர்க்காக நிர்வகித்து வந்த 25 லட்சம் டாலர் நிதியில் 1932க்குள் நூற்றுக்கு எழுபது பங்கு அழிந்தது. கடன் பெற்றும் பங்குகளை வாங்கியிருந்தார். தாயைக் கெடுத்த கடனே மகனையும் வருத்திற்று. நஷ்டம் ஈடாகும் வரை அவர்க்கு ஊதியம் இல்லை. ஐந்தாண்டுகள் அவ்வாறே உழைத்து நிதியை மீட்டார், வகுப்பையும் கைவிட்டிலர்.

அத்துன்பத்தினிடையே அவரும் டாட்டும் எழுதிய பெருநூல் 1934ல் வெளிவந்தது. முதலீடாவது நன்காராய்ந்து, முதலுக்குக் காவலும் தக்க வருவாயும் உண்டெனத் தெளிந்து செய்வது. ஏனையது ஊக வாணிகம் என்று அதில் வரையறுத்தார். கம்பெனியின் ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றினின்று கடன்கள் அனைத்தையும் கழித்து, எஞ்சியதில் மூன்றில் இரு பங்குக்கும் குறைந்த விலைக்கே பங்கை வாங்குதல் அவர் விதிகளுள் ஒன்று. ஆய்வு பிழைத்தாலும் அவ்விடைவெளி வாங்கினவனைக் காக்கும்.

வகுப்பில் அன்றைய சந்தைப் பங்குகளையே உதாரணமாகக் காட்டுவார். மாணாக்கர் சிலர் அவற்றை உடனே வாங்கச் சென்றனர். விதியைவிட உதாரணமே அவர்களுக்கு இனித்தது போலும்! வாரன் பஃபெட் 1951ல் அவ்வகுப்பிற் பயின்று தேறினார். விந்தை யாதெனில், கிரஹாமின் நிதிக்குப் பேராதாயம் தந்தது 1948ல் பாதி வாங்கிய கெய்க்கோ என்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அது விதிப்படி கிடைத்த மலிவுச் சரக்கன்று, ஆண்டுதோறும் வளர்ந்த தொழில்.

முதுமையில் அவர் மொழியிடமே திரும்பினார். உருகுவே நாட்டு மாரியோ பெனெடெட்டியின் ஸ்பானிய நாவலொன்றை ஆங்கிலமாக்கினார். 1976ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பிரான்ஸ் தேசத்து எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உயிர் நீத்தார்.