பூக்களைப் பார்த்து நின்ற சிறுவன்

கூர் நகரைச் சூழ்ந்த மலைக்காடுகளில் உதிர்ந்து கிடக்கும் பைன் காய்களை நம் மாணவர் பலர் பொறுக்கியிருப்பர். அவற்றின் செதில்கள் சுருள் சுருளாக அமைந்தவை. அச்சுருள்களை எண்ணினால் 5, 8, 13 ஆகிய எண்களே பெரும்பாலும் வரும். முதலிரண்டையும் கூட்டினால் மூன்றாவது கிடைக்கும் என்பதைக் கவனிக்க. இவ்வொழுங்கின் காரணத்தைக் கணனியின் துணையுடன் தேடிய முன்னோடி ஒருவரின் வாழ்க்கையை இங்கு தருகின்றோம்.

அலன் ரூரிங் 1912ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தாயார் எதெல் சாரா பிறந்ததோ கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். மகனுக்கு ஒன்றரை வயது நிறையுமுன் அவரை இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாயார் இந்தியா சென்றார். பின்னர் பெற்றோர் இடையிடையே வந்து போயினர். உறவுகளைப் பிரிந்து வாழும் நமக்கு அப்பிரிவை விளக்க வேண்டியதில்லை.

1923இல் தாயார் ஒரு படம் வரைந்தார். அதில் ஏனைய சிறுவர்கள் ஹொக்கி விளையாட, அலன் மட்டும் குனிந்து டெய்சிப் பூக்களைப் பார்த்து நிற்கின்றார். அந்தப் பார்வை இறுதிவரை மாறவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

1936இல் அவர் கணனிக்கு வகுத்த கோட்பாட்டையும், போர்க்காலத்தில் யேர்மனியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்த பணியையும் பலர் அறிவர். 1948இல் எழுதிய அறிக்கையை அறிந்தவர் சிலரே. குழந்தையின் மூளை ஒழுங்கற்ற நிலையிலிருந்து பயிற்சியாற் சீர்ப்படுவதுபோல, எளிய உறுப்புகளைப் பின்னிய பொறியொன்றும் கற்கலாம் என்றார். இன்றைய நரம்பு வலையமைப்புகளுக்கு நெருங்கிய எண்ணம் இது. அவர் பணியாற்றிய நிறுவனத்தின் தலைவர், உயிர்களின் பரிணாமத்தை விளக்கிய டார்வினின் பேரர். அவரே அதனைப் பள்ளி மாணவனின் கட்டுரை என ஒதுக்கினார். ரூரிங்கின் வாழ்நாளில் அவ்வறிக்கை அச்சேறவில்லை.

1951இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்துக்குப் புதிய கணனி வந்தது. அதனைக் கொண்டு உயிர்களின் வடிவத்தை ஆராய்ந்தார். இரு இரசாயனப் பொருட்கள் வெவ்வேறு வேகத்திற் பரவித் தம்முள் தாக்கமுற்றால், ஒருசீரான பரப்பிலும் புள்ளிகளும் வரிகளும் தாமாகவே தோன்றலாம் என 1952இல் கணிதத்தாற் காட்டினார். சிறுத்தையின் புள்ளிக்கு வரைபவர் எவரும் வேண்டியதில்லை!

அதே ஆண்டில், ஆணொருவரை விரும்பியமைக்காக அன்றைய பிரித்தானியச் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதிலாக ஓமோன் சிகிச்சையை ஏற்க நேர்ந்தது. 1954ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், 41ஆவது வயதில், சயனைட் நஞ்சினால் உயிர் நீத்தார். அரச மன்னிப்பு 2013இலேயே வந்தது.

போத்தனூரிற் பிறந்த அத்தாயார் 1959இல் மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். செடிகளில் இலைகளும் செதில்களும் அடுக்கப்படும் முறை பற்றி மகன் முடிக்காது விட்ட குறிப்புகள் 1992இல் நூலாயின.