தொழிலாளர் நலம் காத்த பாபு ஜகஜீவன் ராம்

ஒடுக்கப்பட்ட குடியில் தோன்றி நாட்டின் துணைப் பிரதமர் பதவி வரை உயர்ந்த பெருமகனார் பாபு ஜகஜீவன் ராம். அவரைப் பாதுகாப்பு அமைச்சராகவும் உணவு அமைச்சராகவும் நினைவுகூர்வோர் பலர். சுதந்திர இந்தியாவின் முதல் தொழிலாளர் அமைச்சராக அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தோர் சிலரே. ஆலைகளிலும் பட்டறைகளிலும் தோல் பதனிடும் கூடங்களிலும் உழைக்கும் நம் இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பீகாரில் ஆரா நகரை அடுத்த சந்த்வா என்னும் சிற்றூரில் 5-4-1908 அன்று அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தை சோபி ராமை இழந்து, அன்னை வசந்தி தேவியின் அரவணைப்பில் கல்வி பயின்றார். ஆரா நகரப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவருக்கெனத் தனித் தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டது. அதனைச் சிறுவர் ஜகஜீவன் உடைத்தெறிந்தார். மீண்டும் வைத்தபோது மீண்டும் உடைத்தார். அதன்பின் தனிப்பானை வைக்கும் வழக்கத்தையே பள்ளி கைவிட்டது.

காசி இந்து பல்கலைக்கழகத்திலும் தீண்டாமைக் கொடுமை அவரைத் தொடர்ந்தது. பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பயின்று 1931-இல் அறிவியற் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் வாழ்ந்த காலத்திலேயே தொழிலாளரைத் திரட்டினார். 1934-இல் பீகாரைப் பெருநிலநடுக்கம் தாக்கியபோது துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டார். 1935-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். விடுதலைப் போரிற் சிறை சென்றார்.

1946-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் தொழிலாளர் துறை அவர்வசம் வந்தது. அமைச்சர்களுள் மிக இளையவர் அவரே. 1942 முதல் 1946 வரை அத்துறையைத் தாங்கிய அண்ணல் அம்பேத்கர் வேலைநேரக் குறைப்பு, ஊதியத்தோடு கூடிய விடுமுறை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு வழி வகுத்திருந்தார். அவ்வழியில் மேலும் நடக்கும் பொறுப்பு நம்மவர் ஒருவரிடமிருந்து நம்மவர் இன்னொருவருக்கு வந்து சேர்ந்தது.

1947 ஜூலையில் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டிலிருந்து திரும்புகையில், ஈராக்கின் பாஸ்ராவுக்கு அருகே அவர் சென்ற விமானம் விபத்துக்குள்ளாயிற்று. காயங்களோடு உயிர்தப்பினார். அடுத்த ஆண்டில் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் ஆகிய மூன்றும் அவர் பொறுப்பில் நிறைவேறின.

தொழிற்சாலைகள் சட்டம் 1-4-1949 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்விசை கொண்டு பத்துப் பேர் உழைக்கும் சிறு கூடங்களையும் அது தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. தொழிலாளர் அனைவருக்கும் தூய குடிநீர் வைத்தல் கடமை என்றது அதன் 18-ஆம் பிரிவு. தனிப்பானையை உடைத்த சிறுவர், பொதுத் தண்ணீரைச் சட்டமாக்கிய அமைச்சரானார்!

45-ஆம் பிரிவு முதலுதவி பற்றியதாய் இருந்தது. ஒரு நேரத்தில் வேலை செய்வோர் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் இருத்தல் வேண்டியிருந்தது. வேலை நேரம் முழுவதும் அது கைக்கெட்டும்படி இருத்தல் வேண்டியிருந்தது. முதலுதவிப் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவர் வேலை நேரம் முழுவதும் அங்கிருத்தல் வேண்டியிருந்தது. 500 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலையில் மருத்துவ உதவி அறை அமைத்தல் வேண்டியிருந்தது. இவற்றைக் கண்காணிக்க ஆய்வாளரும், மீறுவோர்க்குத் தண்டனையும் ஏற்படுத்தப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இக்கடமையை ஏற்றுள்ளது.

இக்கடமையின் அருமை விபத்து நேரும்போதே விளங்கும். பொறியிற் சிக்கிய கையினின்று குருதி பெருகுகையில், தூய துணியால் அழுத்திப் பிடிக்கும் முதற்சில நிமிடங்களே உயிரைக் காக்கும். சுண்ணாம்போ அமிலமோ கண்ணிற் பட்டால் உடனே நீரால் நெடுநேரம் கழுவுதலே பார்வையைக் காக்கும். மருத்துவர் வரும்வரை காத்திருக்க அங்கே நேரமில்லை. பூட்டிய பெட்டியும், திறவுகோலை வீட்டுக்கு எடுத்துச் சென்ற மேற்பார்வையாளரும், பஞ்சு தீர்ந்துபோன புட்டியும் சட்டம் இருந்தும் இல்லாத நிலையையே காட்டும்.

முதலுதவிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. தொடாமல் அதனைச் செய்ய இயலாது. எவர் கை தீட்டு என்று ஒதுக்கப்பட்டதோ, அக்கையே கட்டுப் போட வருகின்றபோது எந்தக் காயமும் சாதி கேட்பதில்லை.

1950-இல் ஜெனீவாவில் நடந்த உலகத் தொழிலாளர் மாநாட்டுக்கு ஜகஜீவன் ராம் தலைமை தாங்கினார். 1952 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தார். பின்னர்ப் பல துறைகளை ஆண்டு, 6-7-1986 அன்று மறைந்தார்.

இளைஞர்களே! பெருமக்களின் படத்திற்கு மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. அதனைக் கற்றுச் சான்றிதழ் பெறுங்கள். பணிக்குச் சேரும் முதல் நாளிலேயே முதலுதவிப் பெட்டி எங்கே, பொறுப்பாளர் யார், உள்ளே பொருள்கள் நிறைந்துள்ளனவா என்று கேட்டறியுங்கள். குறை கண்டால் தனித்து நின்று அஞ்ச வேண்டா. சங்கத்தின் வழியாக ஒன்றுகூடி எழுத்து மூலம் முறையிடுங்கள். பாபுஜி பெற்றுத் தந்த உரிமை, கேட்போர் உள்ளவரையே உயிரோடிருக்கும்.