விண்மீனுக்கு உரைகல் தந்தவர்

பேத்தமங்களா ஏரிக்கரையில் நிலவில்லாத இரவில் நின்று வானத்தை அண்ணாந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். விண்மீன்கள் எல்லாம் ஒரே ஒளியுடையன அல்ல. பாலாற்று நீரைத் தேக்கிய அவ்வேரி, கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த ஏரி. அவ்வயலில் பொன் எடுத்த தமிழ் மக்கள், பொன்னின் மாற்று அறிய உரைகல் உண்டென அறிவர். விண்மீன் ஒளிக்கு உரைகல் உண்டா? உண்டு. அதனை உலகுக்கு அளித்த பெரியார் முப்பது ஆண்டுகள் உழைத்து மறைந்தது நம் சென்னை மாநகரில்தான். அவரே நார்மன் இராபர்ட் பாக்சன்.

1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் பிறந்தவர் அவர். இளமையிலேயே வானியலில் வேட்கை கொண்டு, 1852இல் ஆக்சுபோர்டு இராட்கிளிப் வானாய்வுக்கூடத்தில் பணியேற்றார். 1856இல் அவர் கண்ட முதற் சிறுகோள், அவருடைய அருமை மகள் ஐசிசின் பெயரைத் தாங்கியது.

அதே ஆண்டில்தான் அவர் தம் அளவுகோலையும் முன்வைத்தார். பண்டைக் கிரேக்கர் காலந்தொட்டு விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என ஆறு தரங்களாகப் பகுத்து வந்தனர். ஆனால் ஒருவர் கண்ணுக்கு மூன்றாம் தரம், மற்றொருவர் கண்ணுக்கு நான்காம் தரம்! ஊருக்கொரு படி, கடைக்கொரு மரக்கால் இருந்தால் வாணிகம் நடப்பதெங்ஙனம்? முதல் தர மீன் ஆறாம் தர மீனைவிட நூறு மடங்கு ஒளியுடையது எனக் கொள்வோம் என்றார் பாக்சன். அவ்வாறு கொண்டால், ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள வேறுபாடு 2.512 மடங்காகும். கணக்கிடவும் எளிது. உலகம் அதனை ஏற்றுக் கொண்டது.

1861இல் சென்னை வந்த அவர், நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே அவர் கண்ட சிறுகோளுக்கு ஆசியா என்று பெயர் சூட்டினார். சென்னையிலிருந்து மட்டும் ஐந்து சிறுகோள்களைக் கண்டார். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களை இரவிரவாகக் கண்காணித்தார்.

அவருக்குத் துணை நின்றோர் இருவரை நாம் மறத்தலாகாது. ஒருவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். 1867இல் இவர் மாறொளி மீன் ஒன்றைக் கண்டறிந்தார். மற்றவர் மகள் ஐசிசு. 1873 முதல் அவ்வானாய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். அவரை இலண்டன் அரச வானியற் கழகத்தில் உறுப்பினராக்க 1886இல் நடந்த முயற்சி, பெண் என்பதால் நிறைவேறவில்லை. 1920இல்தான் அவர் உறுப்பினரானார்.

பாக்சனுக்கும் ஒரு பெருங்குறை இருந்தது. அளந்தார், அளந்தார், அளந்து கொண்டேயிருந்தார்; அச்சேற்ற ஓய்வு கிட்டவில்லை. 11,015 விண்மீன்களின் அளவுகளுள் பெரும்பகுதி அச்சாகுமுன்பே 1891இல் சென்னையில் கண்ணை மூடினார். பின் வந்த மிச்சி சுமித் என்பார் அவற்றை வெளியிட்டார். மாறொளி மீன்களைப் பற்றிய குறிப்புகள் 1908இல்தான் நூலுருப் பெற்றன. உரிய காலத்தில் வெளிவந்திருப்பின் அவர் புகழ் இன்னும் ஓங்கியிருக்கும்.

இன்று கண்ணின் இடத்தைக் கருவி பிடித்துக்கொண்டது. ஆயினும் பழைய சிக்கல் புதிய உருவில் நிற்கிறது. ஒவ்வொரு தொலைநோக்கியும் தனித்தனி நிற வடிகட்டிகள் வழியே ஒளியை அளக்கிறது. ஆகவே ஒரே மீனுக்கு இரண்டு அளவுகள்! மீனின் வெப்பநிலைக்கும் நிறத்திற்கும் ஏற்ப அவ்வேறுபாடும் மாறும். இரு முறையிலும் அளக்கப்பெற்ற விண்மீன்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கணிக்க அதனைப் பழக்குகின்றனர். இதுவே இயந்திரக் கற்றல் எனப்படும் முறை. ஆனால் பொறி கற்பதற்குப் பாடம் வேண்டுமே! அப்பாடம், யாரோ ஒருவர் பிழையற அளந்து எழுதி வைத்த அளவுகளே. பொறி தரும் விடையும் பாக்சனின் 2.512இல்தான் அமைகிறது.

தோழர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் எடுக்கும் அளவு ஒவ்வொன்றும் நாளை ஒருவருக்குப் பாடமாகலாம். எனவே பிழையின்றி அளப்போம். அளந்ததைக் காலந்தாழ்த்தாது வெளியிடுவோம்.